ஆன்-ரோடு விலையை வரிவரியாக எழுதி வாங்குங்கள்

விளம்பரத்தில் எட்டு லட்சம் என்று பார்த்த கார், விழுப்புரம் மாவட்டம் தொண்டூரில் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது ஒன்பதரை லட்சத்தைத் தொட்டிருக்கும். நடுவில் சேர்ந்த ஒன்றரை லட்சம் யாருக்குப் போனது, எதற்குப் போனது என்று கேட்டால், வாங்கியவர்களில் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. “ஆன்-ரோடு இவ்வளவு வரும்னு சொன்னாங்க, கட்டினோம்” என்பார்கள். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைத்துச் சொன்னாலும் விடாமல் நின்று கேட்கிறவர்கள்தான் இவர்கள். ஷோரூமில் அவர்களைப் பேசவிடாமல் செய்வது அந்த ஒற்றைத் தொகை. பத்துப் பன்னிரண்டு கணக்குகளை ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லிவிட்டால், எதைக் கேள்வி கேட்பது என்றே தெரியாது.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கார் இப்போது ஆடம்பரம் இல்லை. நள்ளிரவில் நெஞ்சு வலி என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போயாக வேண்டும். அந்த நேரத்தில் பேருந்து கிடையாது. நகையை அடகு வைத்தும், சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தைச் சேர்த்தும் முன்பணம் கட்டுகிறார்கள். அப்படிச் சேர்த்த பணம் காரணம் தெரியாமல் கரைவதை ஏற்க முடியவில்லை.

முதலில், பேரம் பேச முடியாத பகுதியைத் தெரிந்துகொள்வோம். நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் எஞ்சினும் உள்ள பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். டீசல் என்றால் எஞ்சின் வரம்பு 1,500 சிசி. அதற்கு முன்பு 28 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் இருந்தன. பெரிய கார்களுக்கு இப்போது 40 சதவீதம், மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம். இந்த வரி எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. அதன்மேல் தமிழ்நாடு அரசின் ஆயுள்கால வரி. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி ஐந்து லட்சம் வரையுள்ள காருக்கு 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. எட்டு லட்ச ரூபாய் சிறிய காரில் ஜிஎஸ்டி சுமார் 1,22,000 ரூபாய், ஆயுள்கால வரி 1,04,000 ரூபாய். வண்டியின் அடிப்படை விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இரண்டு அரசுகளும் வாங்கிக்கொள்கின்றன. நடுத்தரக் குடும்பத்துக்கு இது பாரம்தான். அதைச் சொல்லாமல் ஷோரூமை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

பத்து லட்சம் என்ற எல்லையில் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். 9,90,000 ரூபாய் காருக்கு ஆயுள்கால வரி 1,28,700. விலை 10,10,000 ஆனால் வரி 1,81,800. இருபதாயிரம் கூடுதலாகக் கொடுத்து மேல் மாடல் வாங்கினால் வரி மட்டும் ஐம்பத்து மூவாயிரம் ஏறுகிறது. பத்து லட்சத்தைத் தாண்டியதும் ஷோரூம் ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே பிடிக்கும் வருமான வரி, வாங்கவும் வேண்டும். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும் பணம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் கட்ட வேண்டிய வரியில் கழியும், மிச்சம் திரும்பக் கிடைக்கும். கணக்கே தாக்கல் செய்யாத விவசாயக் குடும்பங்களில் அப்படியே போய்விடுகிறது. “இன்னும் இருபதாயிரம் போட்டா சன்ரூஃப் வந்துடும்ணே” என்று சொல்லும்போது, வரியோடு சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள்.

பதிவுக்கான கட்டணங்கள் பெரியவை அல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சொந்த உபயோகக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். கடனில் வாங்கினால், அந்தக் கடனை ஆர்.சி.யில் குறிக்கும் ஹெச்.பி. பதிவுக்கு 1,500 ரூபாய். சாலைப் பாதுகாப்பு வரி, ஸ்மார்ட் கார்டு போன்றவை சிறு தொகைகள். இவற்றையெல்லாம் வரியோடு சேர்த்து “ஆர்டிஓ செலவு” என்று ஒரு பெரிய எண்ணைச் சொன்னால், அரசு ரசீதைக் கேளுங்கள். வரியும் கட்டணமும் பரிவாகன் தளத்தின் வழியாகத்தான் செலுத்தப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டு. ரசீதில் இருப்பதற்கு மேல் வாங்கிய தொகைக்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியது ஷோரூம்.

அடுத்து வருவது ஹேண்ட்லிங் சார்ஜ். சில இடங்களில் லாஜிஸ்டிக்ஸ் என்றும் டிப்போ சார்ஜ் என்றும் பெயர் மாறும். மோட்டார் வாகனச் சட்டத்திலோ விதிகளிலோ இப்படி ஒரு கட்டணம் கிடையாது. வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுவந்து, கழுவித் துடைத்து, விற்பனைக்குத் தயார் செய்வது விற்கிறவரின் வேலை. “எல்லாரும் கட்டறாங்க, சிஸ்டத்துல தானா வருது” என்பார்கள். எந்த விதியின் கீழ் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே அந்தத் தொகை பில்லிலிருந்து நீங்கிவிடும். மேட், சீட் கவர், மட்கார்டு எல்லாம் சேர்ந்த ஆக்சஸரீஸ் மூட்டையும், எக்ஸ்டெண்டட் வாரண்டியும், டெஃப்லான் பூச்சும் அப்படித்தான். வேண்டுமானால் வாங்கலாம், வேண்டாமென்றால் விடலாம். “இது எடுத்தாதான் சீக்கிரம் டெலிவரி” என்று நிர்ப்பந்தித்தால் அது நேர்மையற்ற வணிகம்.

இன்சூரன்ஸில்தான் ஷோரூமின் வருமானம் அதிகம் ஒளிந்திருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். புதிய காருக்கு அதை மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் உத்தரவிட்டது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகள் குறித்துத் தொடுத்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. இந்தப் பிரீமியத்தை நிர்ணயிப்பது அரசு. 2022-இல் அறிவித்த விகிதத்தில் ஆயிரம் சிசி வரை 6,521 ரூபாய், 1,500 சிசி வரை 10,640 ரூபாய், அதற்கு மேல் 24,596 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இதில் வித்தியாசம் வராது. நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியும், தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தரும் ஜீரோ டெப் போன்ற கூடுதல்களும்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வெளியில் விசாரித்தால் பல ஆயிரம் ரூபாய் குறைவது சாதாரணம். குறிப்பிட்ட நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது, 2017 நவம்பர் முதல் நடப்பில் உள்ள காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வழிகாட்டுதல். வெளியில் இன்சூரன்ஸ் எடுத்தால் தள்ளுபடி கிடையாது என்று மிரட்டினால் அதையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

“பம்பர் டு பம்பர் கோர்ட் ஆர்டர், கட்டாயம் எடுக்கணும்” என்ற பேச்சு இன்னும் காதில் விழுகிறது. வண்டி முழுவதையும் உள்ளடக்கும் இந்தக் காப்பீடு கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் உத்தரவு போட்டது உண்மை. அடுத்த மாதமே அதை நீதிமன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டதும் உண்மை. உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம்தான். ஆனால் அந்த அளவுக்கு ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவர் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. பழைய காரை விற்றுவிட்டுப் புதிது வாங்குகிறவர்களுக்கு ஒன்று: இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. சான்றிதழ் வாங்கி வந்தால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும்.

எக்ஸ்சேஞ்சில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பழைய காரின் சாவியையும் ஆர்.சி.யையும் கொடுத்துவிட்டு, வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அந்த வண்டி பிறகு யாரையாவது இடித்தால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற பழைய வாகன விற்பனையாளரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி வழியாக ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கும் முறை வந்திருக்கிறது. அந்தப் பதிவு நடந்ததா என்று பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்.

கடன் விஷயத்தில் ஒரே ஒரு கணக்கு போதும். ஆறு லட்சம் கடன், ஐந்து ஆண்டு, “ஏழு சதவீதம்தான் சார், ஃபிளாட்” என்கிறார்கள். மாதத் தவணை 13,500. குறையும் அசலின் மேல் கணக்கிட்டால் அது சுமார் பன்னிரண்டரை சதவீத வட்டி. வங்கி ஒன்பது சதவீதம் என்று சொன்னால் அதிகமாகத் தெரியும். ஆனால் தவணை 12,455 ரூபாய்தான் வரும். ஐந்து ஆண்டில் வித்தியாசம் அறுபதாயிரத்துக்கும் மேல். இந்த மறைப்பைத் தடுக்கத்தான் ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. செயலாக்கக் கட்டணம் உட்பட எல்லாம் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்து வேண்டாம்.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய ஒரு ஆசை புதுச்சேரி. அங்கே வரி குறைவு; யாரோ ஒருவரின் முகவரியைக் காட்டிப் பதிவு செய்து தருகிறோம் என்று தரகர்கள் சொல்வார்கள். வண்டி வழக்கமாக எங்கே இருக்கிறதோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பொய் முகவரியில் பதிவு செய்ததாகக் கேரளத்தில் 2017-இல் திரைப்பட நடிகர்கள் மீதே வழக்குகள் பதிவாயின. பிடிபட்டால் தமிழ்நாட்டு வரியும் அபராதமும் மொத்தமாக வந்து விழும். தரகர் அப்போது போனை எடுக்க மாட்டார். புதுச்சேரி ஷோரூமில் விலை கேட்பதில் தவறில்லை. திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை என்று மூன்று இடங்களில் கேளுங்கள். தள்ளுபடி கொடுக்க டீலருக்குச் சுதந்திரம் உண்டு. அதைக் கட்டுப்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு சென்றது.

பணத்தைப் பெரும்பாலும் வங்கி வழியாகவே கொடுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி விற்பவருக்கே தடை. முன்பணம் கட்டும்போது, ரத்து செய்தால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்பும் என்பது ரசீதிலேயே இருக்க வேண்டும்.

டெலிவரி நாள் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தே சொல்ல வேண்டும். முகூர்த்தம் பார்த்து, வீட்டார் எல்லாரையும் அழைத்துக்கொண்டு, அப்படியே மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் பூசை போட்டுவிட்டு வருவதாகத் திட்டம் இருக்கும். எலுமிச்சம்பழம் வாங்கியாகிவிட்டது. அந்த நேரத்தில் “கடைசி பேமென்ட்டில் பதினெட்டாயிரம் பாக்கி இருக்குங்க” என்றால், நல்ல நாளில் சண்டை எதற்கு என்று கட்டிவிடுவோம். இது விற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே கணக்கையும் வண்டியையும் முந்தைய நாளே பார்த்து முடித்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் பெயின்ட், கண்ணாடி, டயர், ஓடிய கிலோமீட்டர், அடிச்சட்ட எண் எல்லாவற்றையும் பாருங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் படிவம் 21 எனும் விற்பனைச் சான்றில் இருக்கும். கோவாவில் ஒருவர் 2011 மாடலுக்குப் பணம் கட்டினார். வந்தது 622 கிலோமீட்டர் ஓடிய, அடிப்பாகம் துருப்பிடித்த 2009 வண்டி. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் டீலர்தான் பொறுப்பு, இதை அறியாத உற்பத்தி நிறுவனம் அல்ல என்று தீர்ப்பளித்தது. ஆகவே தயாரிப்பு நிறுவனத்தின் பெயரை நம்பி டீலரிடம் சோதிக்காமல் விடக் கூடாது. தற்காலிகமோ நிரந்தரமோ பதிவு இல்லாமல் வண்டியை ஒப்படைப்பதும் விதிமீறல்.

இத்தனைக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால், ஷோரூமுக்கும் உற்பத்தி நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். இன்சூரன்ஸ் புகாருக்கு 155255. கடன் புகாரை முதலில் வங்கியிடமோ நிதி நிறுவனத்திடமோ கொடுத்து, முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான எண் 14448. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஷோரூம் சென்னையில் இருந்தாலும் புதுச்சேரியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தொண்டூர்க்காரருக்கு அது விழுப்புரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐம்பது லட்சம் வரையுள்ள பொருளுக்கு அங்கேயே விசாரணை, வக்கீல் கட்டாயமில்லை. ஐந்து முதல் பத்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய காருக்கு வழக்குக் கட்டணம் 200 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கொட்டேஷன், ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அதுவரை அழித்துவிடாதீர்கள்.