ஊர்ப் பெயர் யாருடையது?

குற்றாலத்துக்குச் சீசன் நேரத்தில் வருகிறவர்கள் அருவியில் குளித்துத் தலை துவட்டும்போதே கேட்கும் கேள்வி, “பார்டர் பரோட்டா கடை எங்கே இருக்கு?” என்பதுதான். பக்கத்து ஊரான மேலகரத்துக்காரர்கள் செங்கோட்டைப் பக்கம் கையைக் காட்டுவார்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. பிரானூர் அதன் எல்லை. எல்லை மேற்கே நகர்ந்துவிட்டது, பெயர் மட்டும் பரோட்டாவோடு தங்கிவிட்டது. இன்று சென்னையிலும் மதுரையிலும்கூட ‘குற்றாலம் பார்டர்’ என்று பலகை தொங்குகிறது. அதைப் பார்த்து உள்ளே போகிறவருக்கு அந்தப் பெயர் எதை உறுதி செய்கிறது? இந்தக் கேள்விக்கு ஒழுங்காக விடை எழுதி வைத்திருப்பவர்கள் இத்தாலியர்கள்.

மண்ணைக் காக்கும் பெயர்

புகழ்பெற்ற இத்தாலிய ஒயின் புட்டிகள் பலவற்றில் பெரிதாக அச்சிட்டிருப்பது ஊரின் பெயர். பரோலோ என்பது வடமேற்கே பியமோந்தே பகுதியில் உள்ள ஒரு சிற்றூர். அந்தப் பெயரைப் போட வேண்டுமானால், வரையறுத்த எல்லைக்குள் விளைந்த நெபியோலோ திராட்சை மட்டுமே சேர வேண்டும். ஒயின் 38 மாதம் முதிர வேண்டும்; அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அது பரோலோ இல்லை.

இந்தக் கண்டிப்புக்கு வயது அதிகம். கியாந்தி உள்ளிட்ட நான்கு ஒயின் பகுதிகளின் எல்லையை 1716-லேயே தஸ்கனியின் கோமகன் மூன்றாம் கோசிமோ ஆணையிட்டு வகுத்தார். மதுரையை விஜயரங்க சொக்கநாதர் ஆண்ட காலம் அது. குற்றாலத்தின் மலைவளத்தைக் குறவஞ்சியாகப் பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு நிலம் மானியமாகக் கொடுத்தவர் அவர்தான். இத்தாலி முழுமைக்குமான ஒயின் பெயர்ச் சட்டம் 1963-இல் வந்தது.

அங்கே ஒயின் சாப்பாட்டு மேசையைச் சேர்ந்தது. அதனால் ஒரு வட்டாரத்தின் பண்டமும் அதன் ஒயினும் சேர்ந்தே வளர்ந்தன. பார்மா ஊரின் கொழுப்பேறிய உப்புப் பன்றித்தொடைக்கு அதே வட்டாரத்தின், லேசாக நுரைக்கும் லம்புருஸ்கோ ஒயினைத்தான் ஊற்றுவார்கள்.

கைப்பக்குவத்தைக் காக்கும் பெயர்

பிட்சா கதை வேறு. மாவும் தக்காளியும் எங்கும் கிடைக்கும். அங்கே காக்க வேண்டியது செய்முறை. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் நேப்பிள்ஸ் பிட்சாவை ‘மரபுச் செய்முறை’ என்ற தனிப் பிரிவில் பதிந்தது. விட்டம் 35 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. விறகு அடுப்பில் 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிட வேண்டும். இந்த விதிப்படி யார் செய்தாலும், எந்த ஊரில் செய்தாலும் அந்த முத்திரை கிடைக்கும்.

நம்மிடம் என்ன இருக்கிறது?

இந்தியாவில் இதற்கான ஏற்பாடு புவிசார் குறியீடு. சட்டம் 1999-இல் நிறைவேறி 2003-இல் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் இருப்பது சென்னை கிண்டியில். பார்மாவின் பன்றித்தொடைகூட அங்கே பதிவாகியிருக்கிறது. தனி ஆள் போய் இதைக் கேட்க முடியாது. உற்பத்தியாளர்கள் சங்கமோ அரசு அமைப்போதான் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பண்டத்தின் தரமோ குணமோ பேரோ அந்த இடத்தால் வந்தது என்றும் காட்ட வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-லும் கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-லும் இப்படிப் பதிவாயின. தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-இல் குறியீடு கிடைத்தது. எலுமிச்சை, பரோலோவைப் போல மண்ணைச் சார்ந்தது. அதனால் வழி நேராக இருந்தது. பார்டர் பரோட்டாவோ பிட்சாவின் கட்சி: மைதா எங்கிருந்தோ வருகிறது, ருசி வீச்சிலும் சால்னாவிலும் இருக்கிறது. செய்முறைக்கென்று தனிப் பிரிவு நம் சட்டத்தில் இல்லை. ஊரின் பேரைச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் பரோட்டாவின் அளவு என்ன, எந்த எண்ணெய், கூடப் பரிமாறும் கோழிக்கு என்ன மசாலா என்று கடைக்காரர்கள் கூடி முதலில் எழுதியாக வேண்டும்.

எழுதினால் மட்டும் போதுமா? இத்தாலியின் பார்மிஜானோ ரெஜானோ பாலாடைக்கட்டியைப் பாருங்கள். சக்கர வடிவக் கட்டி ஒன்றுக்குச் சுமார் 550 லிட்டர் பால் பிடிக்கும். 12 மாதம் முதிர்ந்ததும் பரிசோதகர் சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றையும் தட்டி ஓசையைக் கேட்பார். உள்ளே வெடிப்போ குமிழோ இருந்து தேறாமல் போனால், மேலே பொறித்த பெயரைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அந்தச் செலவையும் நட்டத்தையும் உற்பத்தியாளர்களே ஏற்கிறார்கள். புளியங்குடி எலுமிச்சைக்கும் இனி வேண்டியது அதுதான்: வேறு ஊர்க் காய் அந்தப் பெயரில் மூட்டை ஏறினால் தடுத்து நிறுத்தும் ஆள். அப்படி ஒருவர் இல்லாவிட்டால், பதிவுச் சான்றிதழைச் சங்க அலுவலகச் சுவரில் மாட்டி வைக்கலாம்; சந்தையில் விலை ஏறாது.