வாசல் கணக்கு – 9: ஜூரிச்சுக்கு வந்த தனித்தேர்வர்

கணிதத்தைத் தானே கற்பது ஒரு வேலை, கற்றதை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நம்பும்படி காட்டுவது வேறொரு வேலை என்பதைப் போன வாரங்களில் பார்த்துவிட்டோம். தொடர்ந்து படித்துவருபவர்களுக்கு அதை மறுபடி விளக்கத் தேவையில்லை. பிரிட்டிஷ் முறைப் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலைத் தனித்தேர்வராக எழுத மையம் தேடுவது எப்படி என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று நிற்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே படித்த ஒருவரிடம் பல்கலைக்கழகம் தேர்வு கேட்பது நியாயமா? நியாயம்தான் என்பது என் கட்சி. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன்: எங்கே படித்தாய் என்று கேட்காமல் கடினமான வினாத்தாளை மட்டும் நீட்டும் பல்கலைக்கழகம்தான் அவருக்கு மற்றெல்லாரையும்விட அதிக மரியாதை தருகிறது.

இதற்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. 1894 டிசம்பரில் மியூனிக் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, இத்தாலிக்குக் குடிபெயர்ந்திருந்த பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தார் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். பள்ளி இறுதிச் சான்றிதழ் கையில் இல்லை. நுண்கணிதத்தைப் புத்தகங்களை வைத்துத் தானே படித்திருந்தார். இன்று இ.டி.ஹெச். என்று உலகம் அறிந்திருக்கும் ஜூரிச் தொழில்நுட்பக் கல்லூரி, சான்றிதழ் இல்லாதவர்களுக்கும் நுழைவுத் தேர்வு நடத்திவந்தது. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி, ஐன்ஸ்டைனுக்குப் பதினாறரை. குடும்ப நண்பர் ஒருவர் கல்லூரி இயக்குநர் ஆல்பின் ஹெர்ட்சோக்குக்குக் கடிதம் எழுத, வயது விதி தளர்ந்தது. 1895 அக்டோபரில் தேர்வு. கணிதத்திலும் இயற்பியலிலும் நன்றாக எழுதினார். பொதுப் பாடங்களில் தேறவில்லை. ஐன்ஸ்டைன் கணிதத்தில் ஃபெயில் என்று மேடைக்கு மேடை சொல்லப்படுவது தவறு. தேர்வு முடிவைப் பார்த்த ஹெர்ட்சோக் அவரை விரட்டிவிடவில்லை. ஆராவ் ஊரில் உள்ள பள்ளியில் படிப்பை முடித்துவிட்டு வரச் சொன்னார். இயற்பியல் பேராசிரியர் ஹைன்ரிஷ் வேபரோ, ஜூரிச்சிலேயே தங்கினால் தன் வகுப்புகளில் வந்து உட்காரலாம் என்றார். ஐன்ஸ்டைன் ஆராவுக்குப் போனார். அங்கே வாங்கிய இறுதிச் சான்றிதழில் இயற்கணிதத்துக்கும் வடிவியலுக்கும் 6. சுவிட்சர்லாந்தில் 6தான் உச்சம். இன்றைய ஜெர்மன் பள்ளிகளில் 6 என்றால் அடிமட்டம். அந்தத் தாளைப் பார்த்து யாராவது குழம்பியிருந்தால் வியப்பில்லை. 1896 அக்டோபரில் ஜூரிச் கல்லூரியில் சேர்ந்தபோதும் அவருக்குப் பதினெட்டு நிறையவில்லை. இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்ட விவரம் இதற்கும் அடுத்தது: அந்த ஜனவரியிலேயே அவர் ஜெர்மன் குடியுரிமையைத் துறந்திருந்தார், சுவிஸ் குடியுரிமை கிடைத்தது 1901இல். எந்த நாட்டின் குடிமகனாகவும் இல்லாத ஒருவரைத்தான் அந்தக் கல்லூரி மாணவராகச் சேர்த்துக்கொண்டது!

அந்தத் தேர்வு என்ன செய்தது என்று பாருங்கள். பள்ளியை விட்டு ஓடிவந்த பையன் என்ற முத்திரையை ஒதுக்கிவிட்டு, அவருக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்துக் காட்டியது. தானாகப் படிப்பவர் தனக்குப் பிடித்ததை ஆழமாகத் தோண்டுவார். பிடிக்காததைத் தாண்டிப் போய்விடுவார். எதைத் தாண்டினார் என்பது அவருக்கே தெரியாது. வெளியாள் ஒருவர் கேள்வி கேட்டால்தான் அது தெரியவரும். தம் நாட்டில் வாங்கிய சான்றிதழ் அங்கே செல்லாதவர்களுக்கும் அதுவே இல்லாதவர்களுக்கும் இ.டி.ஹெச். இன்றும் நுழைவுத் தேர்வு வைக்கிறது. ஓரளவு ஏற்கத்தக்க சான்றிதழ் உள்ளவர்களுக்குச் சுருக்கத் தேர்வு, மற்றவர்களுக்கு முழுத் தேர்வு. ஆனால் இளநிலைப் படிப்பு அங்கே ஜெர்மன் மொழியில் என்பதால், கணிதத்தோடு ஜெர்மனும் படித்தாக வேண்டும்.

கடினமான தேர்வு என்றால் பணம் கொடுத்துப் பயிற்சி வகுப்புக்குப் போகிறவர்தானே ஜெயிப்பார் என்பது முதல் மறுப்பு. பல தேர்வுகளுக்கு அது பொருந்தும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கணித மாணவர்களிடம் கேட்கும் ஸ்டெப் தேர்வுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மூன்று மணி நேரம், பன்னிரண்டு கேள்விகள், கேள்விக்கு 20 மதிப்பெண். எத்தனை எழுதினாலும் மிக நன்றாக எழுதிய ஆறு மட்டுமே கணக்கில் வரும். கால்குலேட்டர் கிடையாது, சூத்திரக் கையேடும் கிடையாது. 1987இல் தொடங்கிய இந்தத் தேர்வின் பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கேம்பிரிட்ஜே இலவசப் பயிற்சித் தாள்களும் தருகிறது. கேள்விகளின் அமைப்புதான் முக்கியம். அந்தப் பாணியில் சின்னதாக ஒரு மாதிரி சொல்கிறேன். ஓர் ஒற்றைப்படை எண்ணின் கனத்திலிருந்து அதே எண்ணைக் கழித்தால் மிஞ்சுவது 24ஆல் வகுபடும் என்று நிறுவுக. 3க்கு 24 வருகிறது, 5க்கு 120. அடுத்து, அதே எண்ணின் ஐந்தாம் அடுக்கிலிருந்து எண்ணைக் கழித்தால் மிஞ்சுவது 240ஆல் வகுபடும் என்று நிறுவுக. புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. முதல் விடையை அந்த எண்ணின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டிய தொகையால் பெருக்கினால் இரண்டாவது விடை. அந்தத் தொகை எப்போதும் இரட்டைப்படை, ஆகவே 24 உடனே 48 ஆகிறது. ஐந்தாம் அடுக்கின் கடைசி இலக்கமும் எண்ணின் கடைசி இலக்கமும் எப்போதும் ஒன்றே என்பதால் 5ஆலும் வகுபடுகிறது; 48ஐ ஐந்தால் பெருக்க 240. கடைசியாக, எல்லா ஒற்றைப்படை எண்களுக்கும் பொருந்தும்படி 240ஐவிடப் பெரிய எண் உண்டா? இல்லை, 3ஐப் போட்டாலே சரியாக 240 வந்து நின்றுவிடுகிறது. இப்படி ஒரே கேள்விக்குள் அரை மணி நேரம் தங்கியிருக்கும் பழக்கம், ஆசிரியர் இல்லாமல் ஒரு பக்கத்தோடு நாள் முழுக்க மல்லுக்கட்டியவருக்கு ஏற்கெனவே இருக்கும். பயிற்சி வகுப்பு அதை விற்க முடியாது. ஒன்றை மறைக்கக் கூடாது: கேம்பிரிட்ஜில் ஸ்டெப் மட்டும் போதாது, ஏ லெவலோ அதற்கு இணையான தகுதியோ கூடவே வேண்டும்.

ராமானுஜனிடம் யார் தேர்வு கேட்டார்கள் என்பது அடுத்த மறுப்பு. நம் மண்ணில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. எஃப்.ஏ. என்ற அந்நாளைய கல்லூரித் தேர்வில் தவறிய அவர் 1914இல் கேம்பிரிட்ஜுக்குப் போனதும், 1916இல் ஆய்வின் வழியே பட்டம் பெற்றதும் உண்மை. ஆனால் அதற்கு முன் 1913இல் அவர் அனுப்பிய கடிதத்தை கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்கள் ஹார்டியும் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார்கள். அதைவிடக் கடுமையான தேர்வு எங்கே இருக்கிறது? உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஹார்டிகளை ஒதுக்க எந்தப் பல்கலைக்கழகத்தாலும் ஆகாது. எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் என்பதே அதற்கு மாற்று. ஆன்லைன் படிப்புச் சான்றிதழ்களைக் கட்டாக அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். அந்தக் கணக்குகளைப் போட்டது நீங்கள்தான் என்று அடையாள அட்டையைப் பார்த்துக் கையெழுத்திட அங்கே யாரும் இல்லை. தேர்வு மையத்தில் இருக்கிறார்.

அந்த மையத்தைக் கண்டுபிடிக்கும் கதை அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதுவரை ஒரு விவரத்தை வைத்துக்கொண்டு பாடங்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கலாம். கேம்பிரிட்ஜ் சர்வதேச ஏ லெவலில் கணிதம் முழுக்க எழுத்துத் தேர்வு. தூய கணிதத்தில் இரண்டு தாள்கள், இயந்திரவியலுக்கும் புள்ளியியலுக்கும் ஒவ்வொரு தாள் என்று நான்கு எழுதினால் முடிந்தது. இயற்பியலிலும் வேதியியலிலும் செய்முறைத் தேர்வு உண்டு, அதற்கு ஆய்வகம் உள்ள மையம் தனித்தேர்வரை ஏற்க வேண்டும். கணிதத்தோடு கணிதத்தின் மேல்நிலைத் தாள்களையும் பொருளாதாரத்தையும் எடுப்பவருக்கு இந்தத் தடை இல்லை. மே–ஜூன், அக்டோபர்–நவம்பர் பருவங்களில் தேர்வு நடக்கிறது. பதிவு அதற்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும்.