திருநெல்வேலி மாவட்டத்தில் உளவுக் கண்காணிப்பு (1906–1920)

திருநெல்வேலி மாவட்டத்தில் உளவுக் கண்காணிப்பு என்பது சுதேசி இயக்கக் காலத்தில் பிரித்தானிய அரசு மக்களின் பேச்சு, கடிதம், நட்பு ஆகியவற்றை ஒற்றர்களைக் கொண்டு கவனித்துவந்த நடைமுறையைக் குறிக்கும். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள வேம்பார், எட்டயபுரம், ஒட்டப்பிடாரம் முதலிய ஊர்கள் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. சென்னை மாகாணக் குற்றப் புலனாய்வுத் துறை (சி.ஐ.டி.) 1906 இல் நிறுவப்பட்டது.

கடற்கரைக் கூட்டங்கள்

ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908 இன் தொடக்கத்தில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடிக் கடற்கரையில் நடத்திய கூட்டங்கள் எவரும் வந்து கேட்கக்கூடியனவாக இருந்தன. கோரல் மில் தொழிலாளரின் குறைகளும் அங்கே பேசப்பட்டன. கூட்டத்தில் இருந்த காவல்துறையினர் எழுதிய குறிப்புகள் பின்னர் இராசத்துரோக வழக்கில் சான்றாயின. மார்ச் 12 அன்று இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் மூண்ட கலவரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து நால்வர் இறந்தனர். நீதிபதி பின்ஹே சிதம்பரம்பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது 6 ஆண்டுகளாகக் குறைந்தது.

கலவரத்திற்குப் பின் தண்டக் காவல் படை நிறுத்தப்பட்டு, அதன் செலவு ஊராரிடம் வரியாக வாங்கப்பட்டது. இது திமிர்வரி எனப்பட்டது. குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை.

இரகசியச் சங்கம்

திறந்த கூட்டங்கள் நின்றன; கோபம் நிற்கவில்லை. நீலகண்ட பிரம்மச்சாரி முதலியோரின் பாரத மாதா சங்கம் இரகசியமாக இயங்கியது. கடற்கரையில் பேசியதை எழுதிக்கொண்ட காவல்துறையால், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதை முன்கூட்டி அறிய இயலவில்லை. தொடர்ந்த சோதனைகளின்போது, தேடப்பட்டவர்களுள் இருவர் தற்கொலை செய்துகொண்டனர். 1912 டிசம்பரில் சிதம்பரம்பிள்ளை விடுதலையானபோது அவரை வரவேற்க வந்தோர் மிகச் சிலரே.

பாரதியும் அஞ்சலும்

எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதி 1908 இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அங்கும் ஒற்றர்கள் பின்தொடர்ந்தனர். அவர் நடத்திய இந்தியா வார இதழ் பிரித்தானிய இந்தியாவுக்குள் வருவது தடுக்கப்பட்டதால் 1910 இல் நின்றுபோனது. எழுதுபவர் எல்லைக்கு அப்பால் பாதுகாப்பாக இருந்தாலும் வாசகர் அவ்வாறு இல்லை என்பதை இங்குக் கவனிக்கலாம். அவருடன் புதுச்சேரியில் இருந்த வ. வே. சு. ஐயரின் வீட்டுக் கிணற்றில் இராசத்துரோக ஆவணங்கள் அடங்கிய சாடி ஒன்று போடப்பட்டிருந்தது. அதனைக் கண்டெடுத்தவர்கள் தாமே பிரெஞ்சுக் காவல்துறையிடம் ஒப்படைத்துத் தப்பினர்.

1918 நவம்பரில் கடலூர் அருகே கைதான பாரதி, எழுதுவதை முன்னதாகக் காவல்துறைக்குக் காட்ட வேண்டும் என்ற கட்டுப்பாட்டுடன் விடுவிக்கப்பட்டார். 1920 இல் இக்கட்டுப்பாடு நீங்கியது. ஒற்றர்கள் எழுதிய அறிக்கைகள் இன்று ஆவணக் காப்பகங்களில் வரலாற்று ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.