எதிர்த்திசையில் வருபவர்

எருசலேமில் யூதர்களின் ஆலயம் இருந்த காலம். ஆலயக் குன்றுக்கு வருகிறவர்கள் வலப்பக்கமாக நுழைந்து, சுற்றி நடந்து, இடப்பக்கமாக வெளியேறுவார்கள். ஆண்டுக்கு மூன்று யாத்திரைப் பண்டிகைகளில் ஜனம் நெருக்கியடிக்கும் இடம் அது. எல்லாரும் ஒரே திசையில் போனால்தான் சரிப்படும்.

ஆனால் வீட்டில் சாவு விழுந்தவர் மட்டும் இடப்பக்கமாக நுழைவாராம். எதிரே வருகிறவர்கள் ஏன் இந்த வழியாக வருகிறீர்கள் என்று விசாரிப்பார்கள். துக்கத்தில் இருக்கிறேன் என்பார். இறைவன் தேற்றட்டும் என்று வாழ்த்திவிட்டு நகர்வார்கள். ஊரார் தள்ளிவைத்த மனிதருக்கும் அதே வழிதான். அவருக்கும் ஒரு வாழ்த்து உண்டு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூல் இதைச் சொல்கிறது.

இந்த ஏற்பாட்டை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஊர்வலத்தில் நாம் பார்ப்பதெல்லாம் முன்னால் போகிறவர்களின் முதுகைத்தான். எல்லாரும் ஒரே வேகத்தில் போனால், பக்கத்தில் நடக்கும் நாலு பேரைத் தவிர யாரையும் கடைசிவரை சந்திக்க மாட்டோம். எதிரே வருகிற ஒருவரோ அத்தனை முகங்களையும் பார்த்துவிடுகிறார். கூட்டத்திலேயே தனித்துப்போனவர் யாரோ, அவரைத்தான் எல்லாரும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள்.

கி.பி. 70இல் ரோமப் படை ஆலயத்தை அழித்தது. பண்டிகைகள் தொடர்ந்தன. அவற்றில் துக்கத்துக்கான சட்டம் முதலில் கேட்கும்போது கடுமையாகவே படும். நெருங்கிய உறவினரை அடக்கம் செய்தபின் ஏழு நாள் வீட்டிலேயே உட்கார்ந்து துக்கம் காப்பதற்கு 'ஷிவா' என்று பெயர். இடையில் பாஸ்காவோ கூடாரப் பண்டிகையோ தொடங்கிவிட்டால் ஷிவா அத்தோடு முடிந்தது. மிச்ச நாட்கள் திரும்பி வருவதில்லை. அப்பாவைப் புதைத்து இரண்டே நாளான மகளிடம், இது மகிழ்ச்சியின் காலம், எழுந்து வா என்பது நியாயமா?

அந்த மகளுக்குப் பண்டிகைக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது. ஐரோப்பிய யூத மரபில் பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் அன்றும், மூன்று யாத்திரைப் பண்டிகைகளின் இறுதியிலும் ஜெப ஆலயத்தில் 'யிஸ்கோர்' என்ற நினைவு வழிபாடு நடக்கும். பல ஊர்களில், பெற்றோர் இருவரும் உயிரோடு இருப்பவர்கள் அப்போது வெளியே போய்விடுவார்கள். உள்ளே நிற்பவர்கள் திரும்பிப் பார்த்தால், இவருக்குமா என்று தெரிந்துவிடும்.

1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷுட் என்ற உளவியலாளர்கள், துக்கப்படுகிறவர் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்வை நோக்கியும் மாறி மாறிப் போய்வருகிறார் என்றும், அந்த ஊசலாட்டமே அவரைத் தாங்குகிறது என்றும் விளக்கினார்கள். பண்டிகை மேசையிலிருந்து யிஸ்கோருக்குப் போய், மறுபடி மேசைக்கு வரும் மகளும் அப்படித்தான் போய்வருகிறாள்.

பண்டிகை நாளில் புதிதாக நெருப்பு மூட்டக் கூடாது; எரிகிற சுடரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதனால் பல வீடுகளில், இறந்தவர் நினைவாக ஏற்றுவார்களே, ஒரு நாள் முழுக்க எரியும் கண்ணாடிக் குவளை மெழுகுவத்தி, அதில் ஒன்றை முன்கூட்டியே ஏற்றி வைக்கிறார்கள். இரண்டாம் இரவின் பண்டிகை விளக்குகளுக்கு அதிலிருந்துதான் சுடர்.