ஆடிக்காற்றுக்கு ஒரு மேல்தொட்டி

ஆடி மாசம் போடிமெட்டுப் பக்கமிருந்து இறங்குற காற்று நம்ம வாழையைச் சாய்க்கும். அதே காற்றுதான் தேனி, ஆண்டிபட்டிக் காற்றாலைகளையும் சுற்றுது. தமிழ்நாட்டில் காற்று மின்சாரம் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான். சூரிய மின்சாரமோ பகலில் மட்டும். மின்தேவை ஏறுவது விளக்கு வைக்கிற நேரத்தில். அதனால், மின்சாரம் மிஞ்சும் நேரம் காற்றாலையை நிறுத்தச் சொல்வதும் உண்டு. ஆலைச் செலவோடு கம்பித்தடம், சேமிப்பு எல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கணும்.

சேமிப்பு நமக்குப் புதுசா? கரண்ட் இருக்கும்போது மேல்தொட்டியை நிரப்பி, அப்புறம் திறந்துவிடுறோமே, அதுதான். 1980-களின் கடைசியில் ஆனைமலைக் காடம்பாறையில் இதையே பெரிசாகச் செய்தார்கள். மிச்ச மின்சாரத்தில் மேல் ஆழியாறு அணைத் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கினால் 400 மெகாவாட். நாலு யூனிட் செலவழித்தால் சுமார் மூணுதான் திரும்பும். நீலகிரி குந்தாவில் இன்னொன்று, 500 மெகாவாட்டுக்கு.

மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அணைக்கு இடம் மலைச்சரிவில்தான் கிடைக்கும். ஏலத்துக்கு நிழல் தரும் காடும் அங்கேதான். அதனால்தான் சொல்றேன்: மும்முனை மின்சாரத்தை வெயில் நேரத்தில் கேட்போம். பகலிலேயே தொட்டி நிரம்பினால் ராத்திரி பாம்புக்குப் பயந்து மோட்டார் போடப் போகவேண்டாம். நம்ம பங்குக்கான சேமிப்புச் செலவும் அத்தோடு போச்சு.