அவையும் நாவலும்: நீலகிரியில் ஒரு முதற்படியின் திருத்தம்

நூலை இயற்றுவோர் ஒருவராயினும் அதனைக் கேட்டு ஏற்போர் பலராதல் தமிழ் மரபு. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் கேட்பத் தொல்காப்பியம் அரங்கேறிய செய்தியைப் பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் உரைக்கின்றது. இச்செய்திக்கு நச்சினார்க்கினியர் தரும் விளக்கம் மேலும் சுவையுடைத்து. அகத்தியனார் அந்நூலைக் கேட்கலாகாதென்று ஆசானைத் தடுத்தார். தொல்காப்பியரின் வேண்டுகோளைத் தட்டவும் இயலாத ஆசான், குற்றம் கூறுவதாக அகத்தியனாருக்கு உரைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார். கூறிய குற்றங்களுக்கெல்லாம் நூலாசிரியர் விடை தந்தார். இது வரலாறோ புனைவோ என்னும் ஆராய்ச்சி ஈண்டு வேண்டா. குற்றம் காணும் கருத்தோடு கேட்பவர் முன்னிலையிலேயே நூல் தன் தகுதியை நிறுவுதல் வேண்டும் என்னும் எண்ணம் நம் உரையாசிரியர் காலத்தில் வேரூன்றியிருந்தது என்பதே நமக்கு வேண்டுவது.

நாவல் இம்மரபிற்குப் புறம்பாக வந்த இலக்கிய வகை. 1879-இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்த காலந்தொட்டு, அது அச்சகத்தின் வழியே தனித்திருந்து படிக்கும் வாசகரைச் சென்றடைந்தது. பின்னர் இதழ்களில் தொடராக வந்தபோது வாசகர் கடிதங்கள் ஒருவகை அவையாயின. எனினும் அவை அச்சேறிய பகுதியைப் பற்றியே பேசின. திருத்துவதற்குக் காலம் கடந்திருக்கும். முதற்படி நிலையிலேயே நாவலைக் கேட்டுக் கருத்துரைக்கும் சிறு குழுக்கள் பழைய அவையின் இடத்தை நிரப்ப முற்பட்டது அண்மைக் காலத்திலேயே. இக்குழுக்கள் நாவலுக்குச் செய்யக்கூடிய நன்மை யாது, செய்துவிடும் தீங்கு யாது என்பதை, நீலகிரியில் யாம் உடனிருந்து கண்ட ஒன்றைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

நீலகிரியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. கேட்போர் கூடி வளர்த்த இலக்கியம் அம்மலைக்குப் புதிதன்று. 1935 முதல் 1938 வரை அங்குக் களப்பணி புரிந்த எமனோ, தோடர் பாடல்களைத் தொகுத்து 1971-இல் பெருநூலாக வெளியிட்டார். பாடல் புனைதல் தோடருள் ஒரு சிலர்க்கே உரிய தொழிலாக இல்லை என்பதும், ஒரு பாட்டில் வரும் ஆள், எருமை, இடம் ஆகியவற்றைக் கேட்போர் முன்னரே அறிந்திருப்பர் என்பதும் அவர் ஆய்வால் விளங்கும். கேட்போர் பொருளை அறிந்தவராதலின் பிழையையும் உடனே அறிவர். இனி, தமிழ் நாவலில் இம்மலையைச் சிறப்புறக் காட்டிய ராஜம் கிருஷ்ணனின் குறிஞ்சித் தேன், நீலகிரியில் வாழ நேர்ந்த ஆசிரியர் படகர் வாழ்வை அருகிருந்து கேட்டறிந்து எழுதியது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் காலக்கணக்காகக் கொண்டு தலைமுறைகளின் மாற்றத்தைச் சொல்வது. உதகையை அடுத்த ஃபெர்ன்ஹில்லில் 1923-இல் நடராஜ குரு நிறுவிய நாராயண குருகுலம், நித்ய சைதன்ய யதி வாழ்ந்த காலத்திலும் 1999-இல் அவர் மறைந்த பின்னரும், ஜெயமோகன் ஒருங்கிணைத்த இலக்கியக் கூடல்களுக்கு இடமாயிற்று. தமிழ், மலையாளக் கவிஞர்கள் ஆங்கே ஒருங்கிருந்து உரையாடினர். அக்கூடல்களில் பெரும்பாலும் ஆராயப்பட்டவை அச்சில் வந்த படைப்புகளே. எனினும் நூலை விட்டு விலகாமல் பேசும் பழக்கம் இம்மலையில் பலர்க்கு வாய்த்ததற்கு அவையும் துணைபுரிந்தன எனலாம்.

யாம் கூற வந்த குழு இவற்றினும் மிகச் சிறியது. குன்னூரில் திங்களுக்கு ஒருமுறை கூடுவோர் அறுவர்: கல்லூரி ஆசிரியர் இருவர், தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராயிருந்து ஓய்வுபெற்ற முதியவர், படகர் குடியிற் பிறந்த பள்ளி ஆசிரியை, வங்கி ஊழியர் ஒருவர், நாவலை எழுதிய இளைஞர். இளைஞரின் குடும்பம் இலங்கை மலையகத்திலிருந்து வந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின் விளைவாகத் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கிப் பின் நீலகிரியை அடைந்த பல்லாயிரவருள் அவர் பாட்டியும் ஒருவர். தாயகம் திரும்பியோர்க்கு வேலை தருவதற்கென 1968-இல் தொடங்கப்பெற்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் பாட்டியும் பின்னர்த் தாயும் கொழுந்து பறித்தனர். நாவலின் பொருள் இதுவே. முதற்படி முப்பத்திரண்டு இயல்களை உடையது.

குழுவின் முதல் உதவி செய்திப் பிழைகளைக் களைந்தமை. 1905-ஆம் ஆண்டில் ஒருவர் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயிலிலேயே உதகை வந்து இறங்குவதாக ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. இரயில் பாதை 1899-இல் குன்னூர் வரையே வந்தது. உதகைக்கு நீண்டது 1908-இல். கணக்கர் இதனைக் கேட்ட அளவிலேயே கைதூக்கிவிட்டார். குறிஞ்சி பூத்த ஆண்டொன்றும் பன்னிரண்டின் கணக்கில் அமையாது நின்றது. 2018, 2006 எனப் பின்னோக்கி எண்ணிச் சரிசெய்தோம். படகர் ஊரைக் குறிக்கும் ஹட்டி என்னும் சொல்லையும் தோடர் குடியிருப்பைக் குறிக்கும் மந்து என்னும் சொல்லையும் ஆசிரியர் ஒன்றாக மயங்கியிருந்ததை ஆசிரியை சினவாமல், ஆனால் மும்முறை, எடுத்துரைத்தார். இத்தகைய திருத்தங்களில் குழு பிழைபடுவது அரிது. களம் அறிந்தோர் ஒருவரேனும் இல்லாத குழு இவ்வுதவியைச் செய்யவும் இயலாது.

தீங்கு வேறிடத்திற் பிறந்தது; அதிற் பெரும்பங்கு எம்முடையது. பாட்டியின் பேச்சில் லயம், பெரட்டு என்னும் சொற்கள் மிகுதியாக வந்தன. தொழிலாளர் குடியிருப்பு வரிசையை இலங்கை மலையகத்தார் லயம் என்பர்; ஆனைமலைத் தோட்டத்தார் பாடி என்பர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம் மலையகத்தில் பெரட்டு எனப்படும். வாசகர்க்கு விளங்காதென்று கருதி, இவற்றைப் பொதுச்சொற்களாக மாற்றுமாறு யாம் அறிவுரை கூறினோம். ஆசிரியரும் மாற்றினார். மாற்றியபின் பாட்டி எவ்வூரிலிருந்து வந்தவர் என்பதை அவர் பேச்சு காட்டவில்லை. இந்நாட்டில் முப்பது ஆண்டு வாழ்ந்த பின்னும் ஒரு பெண் பெரட்டு என்றே சொல்கிறாள் என்பதில்தான் அந்நாவலின் துன்பம் முழுதும் தங்கியிருந்தது. மொழியியலைக் கற்பிக்கும் யாமே இதனைக் காணத் தவறினோம் என்பதை நாணத்துடன் குறிக்கின்றோம்.

இதனினும் பெரிய தீங்கு குழு கூடிய முறையினாலேயே விளைந்தது. திங்களுக்கு ஓர் இயலாக முப்பத்திரண்டு இயல்களையும் கேட்டு முடிக்க ஏறத்தாழ மூன்றாண்டு ஆயிற்று. ஒவ்வோர் இயலும் அவ்வக் கூட்டத்தில் மெருகேறியது. கூட்டத்தாரின் பாராட்டைப் பெறும் வண்ணம் ஒவ்வொன்றும் அதிர்ச்சியோடு முடியத் தொடங்கிற்று. தொடர்கதையின் நோய் தொடராக வெளிவராத நாவலையும் பற்றிக்கொண்டது என்க. முழுவதையும் ஒருசேரப் படித்தபோது முப்பத்திரண்டு சிறுகதைகள் வரிசையாக நிற்கக் கண்டோம். தந்தை ஒன்பதாம் இயலில் மறைந்து இருபத்தேழாம் இயலில் காரணமின்றித் தோன்றினார். கேட்ட அறுவருள் ஒருவரும் அதனை உணர்ந்திலர். பதினெட்டுத் திங்கள் இடைவெளியில் யார்தாம் உணர்வர்? ஆசிரியர் படிகளைப் பெட்டியில் இட்டுப் பூட்டிவிட்டுக் கூட்டத்திற்கு வருவதை நிறுத்தினார். ஏழு திங்கள் வரவில்லை.

பிறநாட்டு நிகழ்ச்சிகளும் இவ்விருமுகத்தைக் காட்டும். ஆக்ஸ்போர்டில் டோல்கீன் தம் பெருங்கதையின் பகுதிகளை நண்பர் குழுவில் படித்துக் காட்டினார். அக்கதைக்கு அவர் எழுதிய பின்னுரை, படித்தோர் பலரும் மறுத்தமையால், 1954–55-இல் வெளிவந்த பதிப்பில் இடம்பெறவில்லை. ஆசிரியர் மறைந்தபின் 1992-இல்தான் அச்சேறியது. இன்று அதனைப் படிப்போருள் மறுத்தது நன்றென்பாரும் உளர், இழப்பென்பாரும் உளர். முல்க் ராஜ் ஆனந்த் தம் முதல் நாவலின் படியைக் காந்தியடிகளிடம் காட்டி, அவர் சொற்படி நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களை நீக்கியதாகப் பிற்காலத்தில் கூறியுள்ளார். 1935-இல் வெளிவந்த அந்நாவல் ஒரே நாளின் நிகழ்ச்சியாகச் செறிந்து நிற்பதைக் காண்போர், நீக்கியமை தகும் என்பர். ஆனால் இங்கு ஒன்று கருதத்தக்கது: அடிகள் இயல்தோறும் திருத்தம் சொன்னவரல்லர். நூலின் நோக்கோடு பொருந்தாத பகுதி மிகுதி என்பதே அவர் கண்டது.

கேட்போர் கடன் யாது என்பதற்கு நம் மரபிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. இறையனார் களவியலுக்குப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் உரை கண்டபோது, மெய்யுரை எதுவென்று துணிய உப்பூரிகுடிகிழார் மகனாகிய உருத்திரசன்மனை அமர்த்தினர் என்று அவ்வுரைப்பாயிரம் கூறும். அவன் ஐயாட்டைப் பருவத்தான், பேசாதவன். மருதன் இளநாகனார் உரையில் சிற்சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரனார் உரையில் பதந்தோறும் அவ்வாறு செய்தான். இக்கதையை வியப்புச் செய்தியாகக் கருதிக் கடந்துவிடுவதே வழக்கம். யாம் இதனைக் கேட்டலின் இலக்கணமாகக் கொள்கின்றோம். அவன் எவ்வுரைக்கும் திருத்தம் கூறவில்லை. எவ்விடத்தில் உரை தன்னைத் தொட்டது என்பதையே காட்டினான். எங்கே நெஞ்சு அசைந்தது, எங்கே அயர்ந்தது என்பதைக் கேட்போரே அறிவர்; அதற்குக் காரணமும் மருந்தும் காணுதல் எழுதியவர் தொழில். எம் குழு இவ்விரண்டையும் மாற்றிச் செய்தது.

ஏழாம் திங்களுக்குப் பின் ஆசிரியரின் இல்லத்திற்கே சென்று மீண்டும் தொடங்கினோம். இம்முறை இரண்டு விடுமுறை நாள்களில் நாவல் முழுவதும் படிக்கப்பட்டது. காலையிலிருந்து மாலைவரை மாறிமாறிப் படித்தோம். படிப்போர் குரல் மாறியது ஒருவகையில் நன்றாயிற்று, ஏனெனில் ஆசிரியர் தம் குரலால் மறைத்துவந்த தொய்வுகள் வெளிப்பட்டன. கேட்போர் தாளில் பக்க எண்ணை மட்டும் குறிக்கலாம், தீர்வு சொல்லலாகாது, ஆசிரியர் விடையிறுக்கலாகாது என்பன வகுத்துக்கொண்ட வரையறைகள். வங்கி ஊழியர் இவ்வரையறையை இரண்டு மணி நேரத்திற்குமேல் காக்க இயலாமல் இடர்ப்பட்டார்.

அவ்வில்லத்தில் ஆசிரியரின் தாயும் இருந்தார். அவர் எழுத்தறியாதவர், சுவரோரம் அமர்ந்து கேட்டார். மண்டபம் முகாமைக் கூறும் நான்காம் இயலை, நிகழ்ச்சி குறைவு என்று கருதி, மூன்று பக்கமாகச் சுருக்குமாறு யாம் முன்னரே கூறியிருந்தோம். அன்று தற்செயலாகப் பழைய நீண்ட படியே கைக்கு வந்தது. பெயர் பதிவதற்காக வரிசையில் நிற்கும் பகுதி படிக்கப்பட்டபோது அவர் எழுந்து வெளியே சென்றார். தேநீர் எடுத்துவரச் சென்றார் என்று கருதினோம். நெடுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்து அதே இடத்தில் அமர்ந்தார். ஒருவரும் ஒன்றும் வினவவில்லை. நால்வர் தாளில் அப்பக்கத்தின் எண் குறிக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் நாள் மாலையில் தாள்களை ஒப்பிட்டபோது, அறுவரும் ஒருங்கே அயர்ந்த இடங்கள் ஐந்தே. அவற்றுள் மூன்று, முன்பு எம் கூட்டங்களில் பெரும்பாராட்டுப் பெற்ற இயல்முடிவுகள். ஆசிரியர் அவற்றை நீக்கினார். தந்தைக்குப் பதினைந்தாம் இயலில் ஒரு கடிதம் வழங்கினார். லயமும் பெரட்டும் மீண்டும் வந்தன. நான்காம் இயல் பழைய நீளத்திலேயே நிற்கிறது. இயல்கள் இப்போது இருபத்தாறு.

முதுகலை மாணவர்க்கு இதில் ஓர் ஆய்வுக்களம் உண்டு. ஏட்டுச்சுவடிகளில் பாடவேறுபாடு காண நம் துறைகள் கொண்ட உழைப்பு பெரிது. நம் காலத்து நாவல்களின் கைப்படிகளோ பழைய தாளாக விற்கப்பட்டு அழிகின்றன. கணிப்பொறியில் எழுதுவோரிடம் முந்தைய படி எஞ்சுவதே அரிது. குன்னூர் ஆசிரியர் நான்கு படிகளையும், கேட்போர் எண் குறித்த தாள்களையும், நாளிட்டுக் கட்டி வைத்துள்ளார். அவற்றுள் எம் கையெழுத்தில் பெரட்டு என்னும் சொல் அடிக்கப்பட்ட தாளும் இருக்கின்றது. அதனை எடுத்துவிடுமாறு யாம் கேட்கவில்லை.