உலோகத்தில் சிறைப்படும் எரிபொருள்

பாலக்காட்டுக் கணவாயில், வாளையாற்றை அடுத்த கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் ஆலைகள் உள்ளன. ஈரம் படிந்த இரும்பு உலைக்குள் சென்றால், நீரிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் உருகிய எஃகில் கரைகிறது. எஃகு இறுகியபின் உள்ளே நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. வெல்டிங் ராடுகளைச் சூட்டில் உலர்த்திய பின்னரே பயன்படுத்துவதும் இந்த ஹைட்ரஜனுக்கு அஞ்சியே. இதே சிற்றணு, நாளைய மின்னுலைகளிலும் ஒரு பெருஞ்சிக்கலாக நிற்கிறது.

இடுக்கி அணையின் நீர், மூலமற்றம் நிலத்தடி நிலையத்தில் 780 மெகாவாட் மின்திறனுக்கு ஆதாரமாக விளங்குகிறது. நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 6,500க்கு ஒன்று டியூட்டீரியம் என்னும் கனமான வகை. அதனையும் டிரிட்டியத்தையும் பத்துக் கோடி டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் இணைத்து ஆற்றல் பெறுவதே அணுக்கரு இணைவு. டியூட்டீரியம் தாராளம், டிரிட்டியமோ அரிது. அதனை லித்தியத்திலிருந்து உண்டாக்க வேண்டும். சேமித்து வைத்தாலும் 12.3 ஆண்டுகளில் பாதியாகிவிடும். ஆண்டுக்கு ஐந்தரை விழுக்காடு முதலே தேயும் வைப்புநிதி என்று இதனைக் கருதலாம்.

இத்தகைய எரிபொருள் உலையின் சுவரிலேயே முடங்கினால் என்னாகும்? பிளாஸ்மாவிலிருந்து பாயும் அயனிகள் உலோகப் பரப்பில் புதைகின்றன. சில வெளியேறிவிடும், எஞ்சியவை உலோக அணுக்களின் இடைவெளிகளில் நகர்ந்து ஆழத்திற்குச் செல்கின்றன. படிகத்தில் ஓர் அணு இல்லாத வெற்றிடமோ, படிகமணிகளின் எல்லையோ எதிர்ப்பட்டால் அங்கே சிக்கிக்கொள்கின்றன. டங்ஸ்டனில் ஒரே வெற்றிடம் பல ஹைட்ரஜன் அணுக்களை ஏற்கும்.

இங்கிலாந்தின் ஜெட் கருவியில் 1997ஆம் ஆண்டு ஏறத்தாழ 35 கிராம் டிரிட்டியம் செலுத்தப்பட்டது. அன்று சுவர் கரியால் ஆனது. செலுத்தியதில் மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிட்டது. 2011இல் சுவர் பெரிலியமும் டங்ஸ்டனுமாக மாற்றப்பட்டபின், தங்கும் அளவு பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே குறைந்தது. டங்ஸ்டன் 3,422 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஹைட்ரஜனும் அதில் மிகக் குறைவாகவே கரையும்.

ஆயினும் கவலை முற்றும் தீரவில்லை. இணைவில் பிறக்கும் நியூட்ரான்கள் உலோகத்தின் ஆழத்தில் புதிய வெற்றிடங்களை உண்டாக்குகின்றன. அவை ஒவ்வொன்றும் ஹைட்ரஜனுக்குப் புதிய பொறி. பிரான்சில் உருவாகும் ஈட்டர் உலையில், கலனுக்குள் தங்கும் டிரிட்டியம் ஒரு கிலோகிராமை மிஞ்சலாகாது என்பது பாதுகாப்பு வரம்பு. எனவே சுவரைச் சூடேற்றி வாயுவை வெளியேற்றுதல், லேசரால் சிறு பகுதியைச் சுடவைத்து இருப்பை அளத்தல் போன்ற வழிகள் ஆராயப்படுகின்றன. ஈட்டரின் உட்சுவரில் பெரிலியத்திற்குப் பதிலாக டங்ஸ்டனைப் பயன்படுத்தவும் முடிவாகியுள்ளது.

இம்முயற்சியில் 2005 முதல் இந்தியாவும் பங்காளி. 3,850 டன் எடையுள்ள குளிர்கலனின் பகுதிகள் குஜராத்தின் ஹசிராவில் செய்யப்பட்டவை. காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆதித்யா கருவி 1989இலேயே இயங்கத் தொடங்கியது.

வரவு, செலவு, இருப்பு மூன்றும் பொருந்தினால்தான் கணக்கு நேராகும். செலுத்திய டிரிட்டியம் எவ்வளவு, எரிந்தது எவ்வளவு, சுவரில் நின்றது எவ்வளவு என்று கிராம் கணக்கில் சொல்ல இயலும் நாளில்தான், இணைவு உலை நம்பத்தக்க மின்நிலையமாகும்.